ஸ்கூல் போர்டு தேர்தலில் முற்போக்கு அணி: ஓட்டுப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "பிலடெல்பியாவுக்கு வெளியே புறநகரில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் பப்ளிக் ஸ்கூலில் படிக்கிறார்கள். தெருவெங்கும் ஸ்கூல் போர்டு தேர்தல் பலகைகள். ஐந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து முற்போக்கு அணியாக நிற்கிறார்கள் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதற்கு இந்த அரசியல்? இவர்கள் ஜெயித்தால் உண்மையில் என்ன மாறும்? மனைவி சிட்டிசன், எனக்கு கிரீன் கார்டு. நாங்கள் என்ன செய்யலாம்?"

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் முற்போக்கு வேட்பாளர்களுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவன் நான். இனியும் போவேன். ஆனால் முற்போக்கு என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பதற்காக மட்டும் யாருக்கும் ஓட்டுப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். போர்டு கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, அதை இவர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பென்சில்வேனியாவில் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் (ஒரு பகுதியின் பப்ளிக் ஸ்கூல்களை ஒன்றாக நடத்தும் அமைப்பு) போர்டில் ஒன்பது பேர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. சம்பளம் கிடையாது. தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும். ஒரு தேர்தலில் ஐந்து இடம், இரண்டு ஆண்டு கழித்து நான்கு இடம் என்று மாறி மாறி வரும். (பிலடெல்பியா நகரத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே போர்டை மேயர் நியமிக்கிறார், மக்கள் ஓட்டுப் போடுவதில்லை.) இந்த ஒன்பது பேர்தான் டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட்டை வேலைக்கு எடுக்கிறார்கள், பட்ஜெட்டை நிறைவேற்றுகிறார்கள், உங்கள் பிராப்பர்டி டாக்ஸில் பள்ளிக்கான பங்கைத் தீர்மானிக்கிறார்கள், ஆசிரியர் சங்கத்தோடு ஒப்பந்தம் போடுகிறார்கள், பாடப்புத்தகங்களுக்கு ஒப்புதல் தருகிறார்கள், நூலகத்திலிருந்து கழிவறை வரை எல்லாவற்றுக்கும் விதி எழுதுகிறார்கள். பெரிய டிஸ்ட்ரிக்ட் என்றால் ஆண்டு பட்ஜெட் 30 கோடி டாலரைத் தாண்டும். அவ்வளவு பணத்தையும் அதிகாரத்தையும் கையாள்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஊரில் பாதிப் பேர்கூட வாக்குச்சாவடிப் பக்கம் வருவதில்லை.

ஐந்து பேர் அணியாக நிற்பதற்கும் இதுதான் காரணம். ஒன்பதில் ஐந்து பெரும்பான்மை. ஐந்து இடத்துக்குத் தேர்தல் நடக்கும் ஆண்டில் ஒரே இரவில் போர்டு முழுவதுமாகத் திசை மாறிவிடலாம். தனி ஆளாக ஜெயித்து உள்ளே போகும் நல்லவர் நான்கு ஆண்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். அணியாகப் போனால் விதியை மாற்றலாம். இரண்டு பக்கமும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது நம் அக்கம்பக்கத்து உதாரணத்தைத்தான். டாய்ல்ஸ்டவுனை மையமாகக் கொண்ட சென்ட்ரல் பக்ஸ் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், மாணவர் எண்ணிக்கையில் மாநிலத்தின் மிகப் பெரிய டிஸ்ட்ரிக்ட்களில் ஒன்று. சுமார் 17,000 பிள்ளைகள். வசதியான ஊர், நல்ல மதிப்பெண்கள், அரசியலில் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிந்து நிற்கும் மக்கள். கோவிட் காலத்தில் பள்ளி மூடல், மாஸ்க் என்று பெற்றோர் நொந்துபோயிருந்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. வீட்டிலிருந்து வேலையும் பார்த்துக்கொண்டு, ஆறு வயதுப் பிள்ளையை ஜூம் முன்னால் உட்கார வைத்த யாருக்கும் அது புரியும். அந்த அலையில் 2021 தேர்தலில் குடியரசுக் கட்சியினர் ஆறுக்கு மூன்று என்று போர்டைக் கைப்பற்றினார்கள். பால் மார்டினோ என்ற முதலீட்டாளர் அந்த ஆண்டில் மாநிலம் முழுக்க ஸ்கூல் போர்டு வேட்பாளர்களுக்காக 5 லட்சம் டாலர் இறக்கினார். பள்ளிகளைத் திறந்து வைக்க வேண்டும் என்பதுதான் அப்போது முழக்கம்.

பள்ளிகள் திறந்தன. ஆனால் போர்டு அதோடு நிற்கவில்லை. 2022 ஜூலையில் நூலகப் புத்தகங்களில் 'பாலியல் உள்ளடக்கம்' குறித்து ஒரு விதி கொண்டுவந்தார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு புத்தகத்தின் மேல் புகார் கொடுக்கலாம், புகார் வந்தால் ஆய்வு, பிறகு நீக்கம். பல புத்தகங்கள் மேல் புகார் குவிந்தது. 2023-இல் இரண்டு புத்தகங்கள் நீக்கப்பட்டன. அதே ஆண்டு ஜனவரியில் இன்னொரு விதி: ஆசிரியர்கள் வகுப்பில் அரசியல், சமூகப் பிரச்சினைகள் எதையும் ஆதரித்துப் பேசக் கூடாது, அப்படிப்பட்ட எதையும் சுவரில் மாட்டக் கூடாது. எல்ஜிபிடி (தன்பாலின, திருநர்) மாணவர்களுக்கு ஆதரவாக மாட்டியிருந்த வானவில் கொடிகள் இறங்கின.

அந்த விதி வந்த சில நாட்களிலேயே நடந்ததை நான் மறக்க மாட்டேன். யூத இனப்படுகொலை முகாமிலிருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலி வீசல், மனிதர்கள் துன்பப்படும் இடத்தில் தான் ஒருபோதும் மௌனமாக இருப்பதில்லை என்று சொன்ன வரிகளை ஒரு பள்ளி நூலகர் சுவரில் ஒட்டியிருந்தார். அது விதிக்கு எதிரானது, எடுத்துவிடுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. செய்தி வெளியே வந்து ஊரே கொதித்த பிறகு முடிவை மாற்றிக்கொண்டார்கள். இப்படி ஒரு விதியை எழுதியவர்கள் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் எதைத் தடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாத விதி எழுதினால், பயந்த நிர்வாகி எல்லாவற்றையும் தடுப்பார். விதி எழுதும் வேலை எவ்வளவு பொறுப்பானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கிடையில், எல்ஜிபிடி மாணவர்களைப் பள்ளி மோசமாக நடத்துகிறது என்று ஏசிஎல்யு என்ற குடிமக்கள் உரிமை அமைப்பின் பென்சில்வேனியா கிளை 2022 அக்டோபரில் மத்திய கல்வித் துறையிடம் புகார் கொடுத்தது. போர்டு வெளியிலிருந்து ஒரு சட்ட நிறுவனத்தை அமர்த்தி விசாரணை நடத்தியது. அதற்கான செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டியது. இந்தத் தொகைதான் பிறகு தேர்தலில் மிகவும் பேசப்பட்டது. கொடி விஷயத்தில் எந்த நிலைப்பாடும் இல்லாத, டாக்ஸ் கட்டி மாளாத ஓய்வுபெற்ற தம்பதிகூட அதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

2023-இல் எதிர்த்து நின்ற ஐந்து பேர் எப்படிப் பிரசாரம் செய்தார்கள் என்று பாருங்கள். அணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சிபிஎஸ்டி நெய்பர்ஸ் யுனைடெட்' (சிபிஎஸ்டி என்பது சென்ட்ரல் பக்ஸ் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் சுருக்கம்). முற்போக்கு என்ற சொல்லை அணியின் பெயரில் வைக்கவில்லை. நாங்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், பள்ளிக்கூடச் சண்டையில் உங்கள் பணம் வீணாகிறது, புத்தகத்தைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்காதீர்கள், எந்தப் பிள்ளையும் பயந்து பள்ளிக்கு வரக் கூடாது. பேச்சு இவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில், 'மாம்ஸ் ஃபார் லிபர்ட்டி' என்ற பழமைவாதப் பெற்றோர் அமைப்பு 2021-இல் ஃபுளோரிடாவில் தொடங்கி இரண்டே ஆண்டில் நாடு முழுக்கக் கிளை விரித்து, 2023 கோடையில் பிலடெல்பியாவிலேயே தேசிய மாநாடு நடத்தியது. எனவே அந்த இலையுதிர்காலத்தில் நாட்டின் செய்தியாளர்கள் பலர் டாய்ல்ஸ்டவுனுக்கு வந்து போனார்கள். இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் பணம் செலவானது. சம்பளமே இல்லாத ஒரு பதவிக்கு!

நவம்பர் 7 அன்று ஐந்து இடங்களையும் அந்த அணியே பிடித்தது. போர்டின் தலைவராக இருந்தவரும் தோற்றார். பதவி விட்டுப் போவதற்கு முன் பழைய போர்டு ஒரு கூட்டம் போட்டு, விலகிப்போன சூப்பரின்டென்டென்ட்டுக்கு 7 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புதல் தந்தது. புதிய உறுப்பினர்கள் டிசம்பர் 4 அன்று பதவியேற்றார்கள். தலைவராகத் தேர்வான கேரன் ஸ்மித், பைபிளுக்குப் பதிலாக, சர்ச்சைக்குள்ளான புத்தகங்களின் அடுக்கின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுத்தார். அதே கூட்டத்தில் நூலக விதியும் ஆசிரியர்கள் மீதான விதியும் நிறுத்தி வைக்கப்பட்டன. பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டான பென்ரிட்ஜிலும் அதே நாளில் ஐந்து இடங்களும் கைமாறின. அங்கே வெளியாள் ஒருவரைக் கொண்டு பாடத்திட்டத்தை மாற்றும் முயற்சிதான் மக்களைக் கிளப்பிவிட்டது.

பென்சில்வேனியாவுக்கு இது முதல் தடவையும் அல்ல. யார்க் கவுன்டியில் டோவர் என்ற சிறிய ஊரில், உயிரியல் வகுப்பில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் படைப்புவாதத்தை (உயிர்களைக் கடவுளே படைத்தார் என்ற கருத்தை) நுழைத்த போர்டு உறுப்பினர்களில், 2005 நவம்பர் தேர்தலைச் சந்தித்த எட்டுப் பேரையும் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் நீதிபதி ஜான் ஜோன்ஸ் அது அறிவியல் அல்ல, மதம் என்று தீர்ப்பளித்தார். வழக்குச் செலவாக அந்தச் சின்ன டிஸ்ட்ரிக்ட் சுமார் 10 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. அதைக் கட்டியதும் பழைய போர்டை வீட்டுக்கு அனுப்பிய அதே மக்கள்தான்.

சரி, இவர்கள் ஜெயித்தால் என்ன மாறும் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நூலகம், விதிகள், சூப்பரின்டென்டென்ட் தேர்வு: இவை போர்டின் கையில் நேராக இருப்பதால் உடனே மாறும். அடுத்த அடுக்கு, பட்ஜெட் வழியாக மெதுவாக மாறுபவை. முழுநாள் கிண்டர்கார்டன் ஓர் உதாரணம். பென்சில்வேனியா சட்டம் கிண்டர்கார்டனைக் கட்டாயமாக்கவில்லை என்பதால், சென்ட்ரல் பக்ஸ் மாதிரி வசதியான இடத்தில்கூட நெடுங்காலம் அரை நாள் வகுப்புதான் இருந்தது. மீதி அரை நாளுக்கு டேகேர் காசு கொடுக்க முடிந்தவர் சமாளித்தார், முடியாதவர் வேலையை விட்டார். இதை மாற்ற வகுப்பறை வேண்டும், ஆசிரியர் வேண்டும், சில ஆண்டுத் திட்டமிடல் வேண்டும். ஆலோசகர்கள், நர்ஸ்கள், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கான ஆசிரியர்கள் எல்லாம் இந்த வகைதான். என்னைக் கேட்டால் ஒரு முற்போக்கு வேட்பாளரின் தரம் இங்கேதான் தெரியும். கொடியைப் பற்றி அழகாகப் பேசிவிட்டு கிண்டர்கார்டனுக்கு எங்கிருந்து பணம் என்று கேட்டால் விழிப்பவர் எனக்கு வேண்டாம்.

போர்டால் முடியாதவையும் உண்டு. பாடத்தரங்களையும் மாநிலத் தேர்வுகளையும் மாநிலம்தான் வகுக்கிறது. பிராப்பர்டி டாக்ஸை நினைத்தபடி ஏற்ற முடியாது. 2006-இல் வந்த 'ஆக்ட் 1' சட்டப்படி ஆண்டுதோறும் மாநிலம் ஓர் உச்சவரம்பு சொல்லும். அதைத் தாண்ட வேண்டுமானால் சட்டம் அனுமதிக்கும் சில விலக்குகளைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஆன்லைன் சார்ட்டர் பள்ளிக்கு (அரசுப் பணத்தில், டிஸ்ட்ரிக்ட்டுக்கு வெளியே தனி நிர்வாகத்தில் நடப்பது) போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் டிஸ்ட்ரிக்ட் பணம் கட்டியே ஆக வேண்டும், கட்டணத்தைக் குறைக்க போர்டுக்கு உரிமை இல்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்விக்கு ஆகும் கூடுதல் செலவில் 40 சதவீதம் தருகிறேன் என்று மத்திய அரசு 1975-இல் சட்டம் போட்டபோது சொன்னது. இன்றுவரை அந்த அளவை எட்டியதே இல்லை. மிச்சம் உங்கள் டாக்ஸிலிருந்துதான் போகிறது. மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் பிரிக்கும் முறையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2023 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் காமன்வெல்த் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சரிசெய்வது ஹாரிஸ்பர்க்கில் உள்ள சட்டமன்றத்தின் வேலை. ஆகவே டாக்ஸைக் குறைப்பேன், வகுப்பையும் சிறிதாக்குவேன் என்று யார் வந்து சொன்னாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

என் பக்கத்தவர்கள் சறுக்கிய இடத்தையும் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் முழுக்க முற்போக்கு போர்டுதான் இருந்தது. 2021 ஜனவரியில், கோவிட்டால் வகுப்புகள் இன்னும் மூடிக்கிடந்த நேரத்தில், லிங்கன், வாஷிங்டன் பெயர்கள் உட்பட 44 பள்ளிகளின் பெயரை மாற்ற அந்த போர்டு ஓட்டுப் போட்டது. அதே காலத்தில் லோவெல் உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண் அடிப்படைச் சேர்க்கையையும் நீக்கியது. ஆசியப் பெற்றோர், குறிப்பாகச் சீனப் பெற்றோர், வெகுண்டெழுந்தார்கள். 2022 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்களை மக்கள் திரும்ப அழைத்தார்கள். அமெரிக்காவிலேயே மிகவும் இடதுசாரியான ஊர்களில் ஒன்றில், மூவருக்கும் எதிராகப் பத்தில் ஏழு பேர் ஓட்டுப் போட்டார்கள். பெயர் மாற்றம் தவறு என்று நான் வாதாட வரவில்லை. பிள்ளை எப்போது வகுப்புக்குத் திரும்பும் என்று தாய் கேட்கும்போது, பலகையில் என்ன பெயர் என்று போர்டு விவாதித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் மக்கள் மன்னிக்கவில்லை.

வெற்றி நிலைக்கும் என்றும் நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாவின் டெமெக்குலாவில் பழமைவாத போர்டின் தலைவர் ஜோசப் கொம்ரோஸ்கியை 2024 ஜூனில் மக்கள் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர் மறுபடி போட்டியிட்டு ஜெயித்து உள்ளே வந்தார்.

சென்ட்ரல் பக்ஸிலும் கதை 2023-உடன் முடியவில்லை. ஒரு தொடக்கப் பள்ளியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான வகுப்பில் குழந்தைகள் துன்புறுத்தப்பட்டதாகப் புகார் எழுந்தது. டிஸ்ட்ரிக்ட் அதைக் கையாண்ட விதத்தை மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்பு ஒன்று 2025-இல் கடுமையாக விமர்சித்தது. புதிய பெரும்பான்மையின் கீழ் வந்த சூப்பரின்டென்டென்ட் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். பேசவே முடியாத பிள்ளைகள் அவர்கள். எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக இருப்பார்கள் என்று சொல்லி ஜெயித்த போர்டிடம் மக்கள் அதே கேள்வியைக் கேட்டார்கள், கேட்கவும் வேண்டும். நம் அணி உள்ளே போய்விட்டது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட பிள்ளைகள்தான்.

ஆக, உங்கள் ஊர் ஐந்து பேரையும் எப்படி எடை போடுவது? முதலில் அவர்கள் இதற்கு முன் போர்டு கூட்டத்துக்கு வந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூட்டங்களின் வீடியோவும் குறிப்புகளும் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். தேர்தலுக்குப் பல மாதம் முன்பே மைக் முன்னால் வந்து பேசியவரையும், பலகையில் மட்டும் முகம் காட்டுபவரையும் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். அப்புறம் அவர்கள் வாசலுக்கு வரும்போது இரண்டே கேள்வி போதும்: இந்த ஆண்டு பட்ஜெட்டில் எதற்கு அதிகமாக ஒதுக்குவீர்கள், அதற்காக எதைக் குறைப்பீர்கள்? உங்களோடு ஒத்துப்போகாத மற்ற நான்கு பேரோடு எப்படி வேலை செய்வீர்கள்? எதிரணி வந்தாலும் இதையே கேளுங்கள். நேர்மையாகக் கணக்குச் சொல்லும் ஒரு பழமைவாதியை, கணக்கே தெரியாத முற்போக்காளரைவிட நான் மதிப்பேன். ஓட்டு யாருக்கு என்பது வேறு விஷயம்.

உங்கள் மனைவி கவனிக்க வேண்டியவை சில. மே மாத பிரைமரியில் (கட்சிகளின் முதற்கட்டத் தேர்தல்) கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தந்தக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியும். சுயேச்சையாகப் பதிந்திருந்தால் அந்த ஓட்டு இல்லை. ஸ்கூல் போர்டு வேட்பாளர்கள் இரண்டு கட்சிப் பிரைமரியிலும் ஒரே நேரத்தில் மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இரண்டிலும் ஜெயித்தால் நவம்பர் ஓட்டுச்சீட்டில் அவர் பெயர் இரு கட்சி அடையாளத்தோடும் வரும். கட்சியை மட்டும் பார்த்தால் ஏமாறக்கூடும், பெயரைத் தெரிந்துகொண்டு போகச் சொல்லுங்கள். ஒரே பொத்தானில் கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப் போடும் வசதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். ஸ்கூல் போர்டு சீட்டின் அடிப்பகுதியில் இருக்கும். மேலே நீதிபதிகளுக்குப் போட்டுவிட்டுக் கீழே வராமல் போகிறவர்கள் நிறைய. வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாள் முன்பு. காரணம் சொல்லாமலே தபால் ஓட்டும் கேட்கலாம்.

உங்களுக்கு ஓட்டு இல்லை. (சான் பிரான்சிஸ்கோ போன்ற சில ஊர்களில், குடியுரிமை இல்லாத பெற்றோருக்கும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுரிமை உண்டு.) லைசென்ஸ் எடுக்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதிகிறீர்களா என்ற கேள்வி திரையில் வந்தால் 'இல்லை' என்றே அழுத்துங்கள். தவறிப் பதிந்தாலும் நாளை குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய சிக்கல் வரும். நம்மவர்கள் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அழுத்திச் சொல்கிறேன். கிரீன் கார்டு வைத்திருப்பவர் பிரசாரத்துக்குப் பணம் கொடுக்கலாம், வீடு வீடாகப் போகலாம். எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, ஆனால் சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக உதவலாம்.

அதோடு, போர்டு கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை ஓட்டுரிமையோடு கட்டப்பட்டதல்ல. இந்த மாநிலச் சட்டப்படி அந்த டிஸ்ட்ரிக்ட்டில் குடியிருப்பவரும் டாக்ஸ் கட்டுபவரும் பேசலாம். நீங்கள் இரண்டும்தான். பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களில் மே மாதத்தில் உத்தேச பட்ஜெட்டை மக்கள் பார்வைக்கு வைப்பார்கள், ஜூன் 30-க்குள் இறுதி ஓட்டு முடிய வேண்டும். இடையில் வரும் நிதிக்குழுக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அங்கே ஒரு பெற்றோர் போய், முழுநாள் கிண்டர்கார்டனுக்கோ சிறப்புக் கல்வி உதவியாளர்களுக்கோ எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால், பதில் குறிப்பேட்டில் ஏறும். அதை வைத்து அடுத்த கூட்டத்தில் தொடரலாம். தேதி டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் இருக்கும். பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டுமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.